மாத்திரை போகும் வழி

எங்கள் வீட்டில் ஒரு நாள் காலை என் மாமியார், "எனக்குக் காபி வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். என் மாமியாரைத் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்க முடியும்! இடி இடித்தாலும் மழை கொட்டினாலும், விடியற்காலை ஐந்தரை மணிக்கு டிக்காஷன் இறங்கும் நேரம் பார்த்து, டம்ளரும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நிற்பவர் அவர். ஏகாதசி உபவாசத்தில்கூடக் காபிக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்பேர்ப்பட்டவர், நான் ஆற்றிக் கொண்டுபோன காபியின் வாசனை பட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "குமட்டுகிறதடி, எடுத்துக்கொண்டு போ" என்றால் எனக்கு எப்படி இருக்கும்? அடிவயிற்றில் பகீரென்றது.

ஐப்பசி மழையில் நனைந்து அவருக்கு மூன்று நாளாக ஜுரம், ஜலதோஷம், உடம்பு வலி. வயது 74. எடை 41 கிலோ. இரண்டு நாளாக ஆகாரமும் சரியாக இல்லை. கஞ்சி அரை டம்ளர், மிளகு ரசம் நாலு கரண்டி, அவ்வளவுதான். ஆனால் மருந்து விஷயத்தில் நாங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குறை வைக்காததுதான் குற்றம் என்பது பிறகு அல்லவா தெரிந்தது!

அன்று பகல் பதினொரு மணிக்கு என் மாமியாரின் தம்பி வந்தார். அவர் டாக்டர். நாற்பது வருஷம் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். அக்காவைப் பார்த்தார், நாடி பார்த்தார், வயிற்றை வலது பக்கம் மெள்ள அழுத்திப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அக்காவுக்கு என்னென்ன மாத்திரை கொடுத்தாய், அம்மா? எல்லா அட்டையையும் கொண்டு வா. நீ கொடுத்தது மட்டுமல்ல, யார் யார் கொடுத்தார்களோ எல்லாம்" என்றார்.

காபித் தட்டில் மூன்று அட்டைகள் வந்து சேர்ந்தன. ஒன்று, ஜுரத்துக்காக நான் கொடுத்தது. இரண்டாவது, ஜலதோஷத்துக்காக என் கணவர் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வந்தது. மூன்றாவது, "உடம்பு வலி பட்டென்று நிற்கும், மாமி" என்று எதிர் வீட்டு அம்மாள் அன்போடு கொண்டுவந்து கொடுத்தது. மூன்றுக்கும் மூன்று பெயர், மூன்று நிறம்.

மாமா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் அட்டையையும் திருப்பினார். முன்பக்கத்துப் பெரிய எழுத்தை அவர் பார்க்கவே இல்லை. பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறதே, அந்தப் பொடி எழுத்தைத்தான் படித்தார்.

"இதில் பாராஸிடமால் 650 மில்லிகிராம். ஜலதோஷ மாத்திரையிலும் பாராஸிடமால், 500. வலி மாத்திரையில் வேறொரு மருந்தோடு சேர்த்துப் பாராஸிடமால், 325. நேற்று ஒரு நாளில் எத்தனை எத்தனை?"

நான் விரல் விட்டு எண்ணினேன். என்னுடையது நாலு வேளை, கணவருடையது மூன்று வேளை, எதிர் வீட்டு அம்மாளுடையது மூன்று வேளை.

அவர் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கம் கணக்குப் போட்டார். 2,600, 1,500, 975. கூட்டினால் 5,075 மில்லிகிராம்.

"ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4,000-க்கு மேல் போகக் கூடாது. அக்காவைப் போல மெலிந்த, சாப்பாடில்லாத கிழவிக்கு நான் எழுதினால் 2,000 எழுதுவேன், மிஞ்சினால் 3,000-க்குள். கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றார்.

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

பெஞ்சியில் ஒரு பாடம்

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். கல்லீரல் கொஞ்சம் வாடத் தொடங்கியிருக்கிறது என்று தெரிந்தது. உடனே கையில் ஊசி குத்தி, மாற்று மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற ஆரம்பித்தார்கள். "இன்று இரவு போகட்டும், நாளைக்கு மறுபடி ரத்தம் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றார் அங்கிருந்த டாக்டர்.

இரவு முழுவதும் வெளியே பெஞ்சியில் நானும் மாமாவும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. "குழந்தைக்குக்கூடக் கொடுக்கிற மருந்தாயிற்றே, மாமா! அது எப்படி இப்படிச் செய்யும்?" என்று கேட்டேன்.

"மருந்தின் மேல் குற்றமில்லை, அம்மா. மாத்திரையை விழுங்கியதோடு காரியம் முடிந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அங்கேதான் காரியம் ஆரம்பமே ஆகிறது. அது உடம்புக்கு வந்த விருந்தாளி. வாசல் வழியாக வரும். கூடம், அறையெல்லாம் சுற்றும். சமையலறையில் அதற்கு உபசாரம் நடக்கும். கடைசியில் கொல்லைப்புறமாக வெளியேறும். எந்த மருந்தானாலும் இந்த நாலு கட்டம்தான்" என்றார் மாமா.

அன்றிரவு அவர் சொன்னதைத்தான், சகோதரிகளே, உங்களுக்கும் சொல்லப் போகிறேன். மாத்திரை டப்பா இல்லாத வீடு இன்று உண்டா?

வாசல்

மாத்திரை வயிற்றில் விழுந்து கரைகிறது. ஆனால் ரத்தத்தில் சேருவது பெரும்பாலும் இரைப்பையில் அல்ல. அதற்கு அப்பாலுள்ள சிறுகுடலில். ஆகவே இரைப்பை எவ்வளவு சீக்கிரம் கதவைத் திறந்து விடுகிறதோ, அவ்வளவு சீக்கிரம் மருந்து உள்ளே போகும். வெறும் வயிற்றில் போட்ட பாராஸிடமால் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் ரத்தத்தில் உச்சத்துக்கு வந்துவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் இன்னும் தாமதமாகும். "போட்டுப் பத்து நிமிஷம் ஆயிற்று, இன்னும் தலைவலி நிற்கவில்லையே!" என்று இரண்டாவது மாத்திரையைப் பிய்க்கிறோமே, முதல் மாத்திரை அப்போதுதான் வாசல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

வாசலிலேயே சில மருந்துகளை மடக்கிப் போடும் ஆசாமிகளும் உண்டு. டெட்ராஸைக்ளின் என்ற மருந்தைப் பாலோடு சாப்பிட்டால், பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே விடாது. இரும்புச் சத்து மாத்திரையோடு காபி, டீ குடித்தாலும் அப்படித்தான். இரும்பில் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

இந்த இடத்தில் மாமா என்னைப் பார்த்து, "நீ தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாயே, எப்போது?" என்று கேட்டார்.

"காலையில் காபியோடுதான், மாமா."

"போச்சு! வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும். காபி அந்த மருந்தை உள்ளே போகவிடாமல் தடுக்கும்."

இரண்டு தடவை டாக்டர் என் மருந்தின் அளவை ஏற்றினாரே, அதன் ரகசியம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் நாக்கு ருசிக்கு என் கழுத்து அபராதம் கட்டியிருக்கிறது!

கூடமும் அறைகளும்

"தலைவலி மாத்திரை தலைக்குப் போகும், கால்வலி மாத்திரை காலுக்குப் போகும் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்?" என்றார் மாமா.

நான் பேசாமல் இருந்தேன். உண்மையைச் சொன்னால், அப்படித்தான் நினைத்திருந்தேன்!

மாத்திரைக்குத் தலை எது, கால் எது என்று தெரியாது. ரத்தத்தில் சேர்ந்ததும் அது ரத்தம் போகும் இடமெல்லாம் போகிறது. வலி உள்ள இடத்துக்கும் போகிறது. வலி இல்லாத இடத்துக்கும் போகிறது. தும்மலுக்காகப் போடும் குளோர்பெனிரமின் போன்ற பழைய மாத்திரைகள் மூளைக்குள்ளும் நுழைந்துவிடுவதால்தான் தூக்கம் தள்ளுகிறது. பின்னால் வந்த சில மருந்துகள் மூளையின் வாசலை அவ்வளவாகத் தாண்டுவதில்லை, தூக்கமும் குறைவு. பால் கொடுக்கும் தாயின் உடம்பில் பல மருந்துகள் ஓரளவு தாய்ப்பாலிலும் கலக்கும். அதனால்தான் பிள்ளை பெற்றவள், "நான் பால் கொடுக்கிறேன்" என்று டாக்டரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.

வயதானவர்களுடைய உடம்பில் நீர் குறைந்து, கொழுப்பின் பங்கு ஏறியிருக்கும். ஆகவே சில மருந்துகள் சிறுவயதுக்காரர்களைக் காட்டிலும் இவர்கள் ரத்தத்தில் கெட்டியாக நிற்கும். கொழுப்பில் கரையும் தூக்க மருந்துகள் சில, இறங்காமல் உள்ளேயே தங்கிக் கிடக்கும். மருமகள் சாப்பிடுகிற அளவையே மாமியாருக்கும் எடுத்துக் கொடுப்பது தவறு என்பதற்கு இது ஒரு காரணம்.

சமையலறை

"கல்லீரல்தான் உடம்பின் சமையலறை. வருகிற மருந்தை எல்லாம் நறுக்கி, அரைத்து, வேறு உருவத்துக்கு மாற்றுவது அதன் வேலை. இந்தப் பாராஸிடமாலையே அந்தச் சமையலறைதான் நமக்குக் காட்டிக் கொடுத்தது. அந்தக் கதையைக் கேள்" என்றார் மாமா.

1886-ஆம் வருஷம். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் கான், ஹெப் என்று இரண்டு இளம் டாக்டர்கள். குடலில் பூச்சி உள்ள ஒரு நோயாளிக்கு நாப்தலீன் கொடுத்துப் பார்த்தார்கள். நாப்தலீன் வேறொன்றுமில்லை, பட்டுப் புடவைக்கு நடுவில் வைக்கிறோமே, அந்த அந்துருண்டைச் சரக்குதான்! பூச்சி போகவில்லை; ஆனால் ஜுரம் மளமளவென்று இறங்கியது. ஆச்சரியப்பட்டு ஆராய்ந்தால், வந்திருந்தது நாப்தலீனே அல்ல. கடையில் தவறுதலாக அஸிட்டனிலைட் என்ற வேறொரு பொருளைக் கொடுத்திருக்கிறார்கள். அது சீக்கிரத்திலேயே ஜுர மருந்தாக உலகமெல்லாம் பரவியது. ஆனால் அதைச் சாப்பிட்ட சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாய்ந்தன.

அறுபது வருஷம் கழித்து, 1948-ல் நியூயார்க்கில் பிராடி, ஆக்ஸல்ராட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அந்த அஸிட்டனிலைட் உடம்புக்குள் போய் என்னவாகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தார்கள். அதில் பெரும்பகுதியை உடம்பு பாராஸிடமாலாக மாற்றிவிடுகிறது என்று கண்டார்கள். வலியைப் போக்கியது அந்தப் பாராஸிடமால். உதட்டை நீலமாக்கியது, வேறு வழியில் உண்டான இன்னொரு பொருள். உள்ளே போனது ஒன்று, வேலை செய்தது ஒன்று, தொல்லை கொடுத்தது மற்றொன்று! பிறகென்ன? நேராகப் பாராஸிடமாலையே கொடுத்துவிடலாமே என்று வந்ததுதான் இன்றைய மாத்திரை.

"சரி, அது நல்ல பிள்ளைதானே? அக்காவை ஏன் இப்படிப் படுத்துகிறது?" என்றேன் நான்.

மாமா விளக்கினார். பாராஸிடமாலைக் கல்லீரல் இரண்டு அடுப்பில் ஏற்றிப் பக்குவப்படுத்துகிறது. பெரும்பகுதி இந்த இரண்டிலேயே சாதுவான சரக்காக மாறி, நீரோடு கரைந்து வெளியேறத் தயாராகிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் மூன்றாவது அடுப்புக்குப் போகிறது. அங்கே உண்டாவது ஒரு விஷப் பொருள். ஆனால் பயமில்லை, கல்லீரலில் குளூட்டாதையோன் என்று ஒரு சத்து சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. கரி பட்ட பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல், அது அந்த விஷத்தை அவ்வப்போது துடைத்து எடுத்துவிடும்.

அளவோடு சாப்பிடும் வரையில் எல்லாம் சரி. அளவு மிஞ்சினால் முதல் இரண்டு அடுப்பும் தாங்காமல், மூன்றாவது அடுப்புக்குச் சரக்கு அதிகமாகப் போகிறது. புளிப் பானையோ காலியாகிக்கொண்டே வருகிறது. அந்தப் பானையைத் தினம் நிரப்புவது நாம் சாப்பிடும் ஆகாரம். பட்டினி கிடப்பவருக்கும், நித்தமும் மது அருந்துகிறவருக்கும் அது ஏற்கெனவே பாதிதான் இருக்கும். பானை காலியானதும் விஷம் கல்லீரலையே தின்னத் தொடங்குகிறது.

"இதில் பெரிய மோசம் என்ன தெரியுமா? முதல் நாள் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் குமட்டும், சாப்பாடு பிடிக்காது, ஜுரத்தினால்தான் என்று நினைத்துவிடுவோம். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கல்லீரல் கெட்டது வெளியில் தெரியும். இப்போது அக்காவுக்கு ஏற்றுகிறார்களே, அஸிடைல்ஸிஸ்டீன், அது அந்தப் புளிப் பானையை மறுபடி நிரப்பக் கொடுக்கும் மருந்து. எவ்வளவுக்கு எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது. அக்கா காபி வேண்டாம் என்று சொன்னாளே, அது தெய்வம் சொன்ன வாக்கு" என்றார் மாமா. அவர் குரலும் கொஞ்சம் தழுதழுத்தது. அவருக்கு அம்மா மாதிரி இருந்து வளர்த்தவர் என் மாமியார்.

பிறந்த குழந்தையின் சமையலறை

பிறந்த குழந்தையின் கல்லீரல், கல்யாணமாகிப் புதுக்குடித்தனம் வந்த பெண்ணின் சமையலறை மாதிரி. பாத்திரமே இன்னும் வந்து சேர்ந்திருக்காது! இதை உலகம் கசப்பான அனுபவத்தில்தான் கற்றுக்கொண்டது. குளோராம்பெனிகால் என்ற மருந்தைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, சில குழந்தைகள் உடம்பு சாம்பல் பூத்து, துவண்டு, இறந்தே போயின. அமெரிக்க டாக்டர்கள் 1959-ல் இதை எழுதி வெளியிட்டார்கள். அந்த மருந்தைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் சக்தி அந்தப் பிஞ்சுக் கல்லீரலுக்கு இன்னும் வரவில்லை என்பதுதான் காரணம். குழந்தை என்பது சின்ன அளவு மனிதன் அல்ல. பெரியவர் மாத்திரையைக் கிள்ளிக் கொடுப்பது வைத்தியமாகாது. குழந்தைக்கு வயதையும் எடையையும் பார்த்து டாக்டர் சொன்ன அளவு. அதையும் மருந்தோடு வரும் அளவு மூடியால் அளந்து கொடுக்க வேண்டும். சமையலறைக் கரண்டியால் அல்ல. கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும் என்பதை நமக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா?

கொல்லைப்புறம்

பக்குவமான மருந்து பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுகிறது. சில மருந்துகள் பித்த நீரோடு மலத்தில் போகும். வைட்டமின் 'பி' மாத்திரை போட்ட அன்று சிறுநீர் பளீரென்று மஞ்சளாக இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். காச நோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிஸின் போட்டால் ஆரஞ்சு வர்ணமாகப் போகும். விருந்தாளி கிளம்பிவிட்டார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

பெனிஸிலின் கதை இதைவிட விசித்திரம். 1941-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்து ஆஸ்பத்திரியில் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற போலீஸ்காரருக்கு அந்த மருந்தைக் கொடுத்தார்கள். உடம்பெல்லாம் சீழ் பிடித்துக் கிடந்தவர், சில நாளில் எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறினார். ஆனால் சிறுநீரகம் அந்த மருந்தைப் போட்ட வேகத்தில் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அப்போது உலகத்தில் இருந்த பெனிஸிலினே கொஞ்சம். ஆகவே அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பெனிஸிலினைத் திரும்பப் பிரித்தெடுத்து, மறுபடி அவருக்கே ஏற்றினார்கள்! அப்படியும் மருந்து தீர்ந்துவிட்டது. நோய் திரும்பியது. மார்ச் மாதம் அவர் இறந்துபோனார்.

"மருந்து வேலை செய்யவில்லை என்று இல்லை; தங்கவில்லை என்பதுதான் குறை. நீங்கள் மூன்று நாளில் ஜுரம் நின்றதும் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் பத்திரப்படுத்தி வைக்கிறீர்களே, அப்போதெல்லாம் எனக்கு அந்தப் போலீஸ்காரர் ஞாபகம்தான் வரும். டாக்டர் எத்தனை நாள் என்று சொன்னாரோ அத்தனை நாள்" என்றார் மாமா.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் சுறுசுறுப்பு குறையும். கொல்லைக் கதவு பாதி சாத்தியிருந்தால் விருந்தாளி எப்படிப் போவார்? சர்க்கரை வியாதிக்கு ஏராளமானவர்கள் சாப்பிடும் மெட்பார்மினைக் கல்லீரல் தொடுவதே இல்லை. போன உருவத்திலேயே சிறுநீரகம்தான் அதை வெளியேற்ற வேண்டும். ஆகையால் அதைச் சாப்பிடுகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீரகப் பரிசோதனை செய்துகொண்டு, டாக்டர் சொன்னால் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். "பத்து வருஷமாக இதே மாத்திரைதான் சாப்பிடுகிறேன்" என்பது பெருமையல்ல. மாத்திரை அதேதான், சிறுநீரகம் அதே சிறுநீரகமா?

முறுக்கு டின் கணக்கு

கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். "ஆறு மணிக்கு ஒரு தரம், எட்டு மணிக்கு ஒரு தரம் என்கிறீர்களே, இந்த நேரக் கணக்கெல்லாம் யார் வைத்தது?"

"தீபாவளி முறுக்கு டின்னைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? முதல் நாள் பாதி காலி. அடுத்த நாள் மிச்சத்தில் பாதி. அதற்கடுத்த நாள் அதில் பாதி. மருந்தும் ரத்தத்தில் இப்படித்தான் குறைகிறது. பாதியாகக் குறைய எத்தனை நேரம் என்பது மருந்துக்கு மருந்து வேறு. பாராஸிடமாலுக்குச் சுமார் இரண்டு முதல் மூன்று மணி நேரம்" என்றார்.

காலை எட்டு மணிக்கு 650 உள்ளே போனதாக வைத்துக்கொள்ளுங்கள். பாதியாக இரண்டரை மணி நேரம் என்றால், பத்தரைக்கு 325; ஒரு மணிக்கு 162 சொச்சம்; மூன்றரைக்கு 81. பழையது பெரும்பாலும் கிளம்பியான பிறகு புதியது வந்தால், வீட்டில் இடநெருக்கடி இல்லை. அதனால்தான் இடைவெளி. சில மருந்துகள் பாதியாக ஒன்றரை நாள் எடுத்துக்கொள்ளும்; அவற்றை ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் கொடுப்பார்கள். "காலையில் மறந்துவிட்டேன், இப்போது இரண்டாகப் போட்டுக்கொள்கிறேன்" என்பது மிகத் தவறு. மறந்தது மறந்ததுதான், என்ன செய்வதென்று டாக்டரைக் கேளுங்கள்.

விடிந்தது

பேசிக்கொண்டே பொழுது விடிந்துவிட்டது. ரத்தம் மறுபடி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்பது மணிக்கு டாக்டர் வந்து, "மேலே ஏறவில்லை, இறங்க ஆரம்பித்திருக்கிறது" என்று சொன்னபோது, மாமா எழுந்து நின்று கைகூப்பிவிட்டார். நாற்பது வருஷம் பிறருக்கு அப்படிச் செய்தி சொன்னவர் அவர்!

உள்ளே போனேன். என் மாமியார் கண்ணைத் திறந்து பார்த்து, "ஏண்டி, இந்த ஆஸ்பத்திரியில் நல்ல காபி கிடைக்காதோ?" என்றார்.

அன்றைக்கு நான் அழுத அழுகை, என் கல்யாணத்தில் பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போதுகூட அழவில்லை.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். யாரைக் குற்றம் சொல்வது? என் கணவர் பெற்ற தாய் மேல் உள்ள பிரியத்தில் வாங்கி வந்தார். எதிர் வீட்டு அம்மாள் பரோபகாரமாகக் கொடுத்தாள். நான் வேளை தவறாமல் கொடுத்தேன். மூன்று அன்பும் ஒன்றையொன்று கலந்து பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் வீட்டு மருந்து டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. மாமா சொல்ல, என் பையன் கொட்டை எழுத்தில் எழுதியது. நீங்களும் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

1. அட்டையின் முன்பக்கத்துப் பெயரைப் பார்க்காதே. பின்பக்கத்தில் உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று பார். கத்தரிக்கும்போது அந்தப் பக்கத்தைத் தூக்கி எறியாதே.

2. ஒரே மருந்து இரண்டு மாத்திரையில் இருந்தால், ஒன்றைத்தான் கொடு.

3. யார் கொடுத்தாலும், எத்தனை மணிக்கு, என்ன கொடுத்தோம் என்று காலண்டரில் குறித்து வை.

4. டாக்டரிடம் போகும்போது எல்லா அட்டையையும் கொண்டு போ. லேகியமும் சூரணமும் சாப்பிட்டால் அதையும் சொல்.

5. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை உடைக்காதே, பொடி செய்யாதே. மெதுவாகக் கரைவதற்கென்றே செய்த மாத்திரையை நசுக்கினால், ஒரு நாள் மருந்து ஒரே மூச்சில் உள்ளே போய்விடும்.

6. அளவுக்கு மேல் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால், "ஒன்றும் செய்யவில்லையே" என்று காத்திருக்காதே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

இதைப் படித்துவிட்டுப் பயந்துகொண்டு, ஜுரத்துக்கு மாத்திரையே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். அளவோடும் வேளையோடும் வந்தால் அது நல்ல விருந்தாளிதான். வந்த காரியத்தை முடித்துக்கொண்டு மரியாதையாகப் போய்விடும்.

என் மாமியார் இப்போது பூரண சௌக்கியம். எந்த மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், பெண் பார்க்க வந்த சம்பந்தியை விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறார். "இதன் உண்மையான பெயர் என்ன? எத்தனை மணி நேரம் தங்கும்? இதன் உறவுக்காரர் யாராவது ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்களா?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் வாயைத் திறக்கிறார்.

நேற்று எனக்குத் தலைவலி. மாத்திரை டப்பாவைத் திறந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "எத்தனை மணிக்கு என்று முதலில் காலண்டரில் எழுதடி!"

எழுதினேன்.